பெட்டிக்காரர் வந்து நிற்கிறார்

செய்த வேலைக்குக் கூலி கேட்கக் கூச்சப்படுகிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆத்திரம் வரும். உழைத்தாயா, கேள். கேட்க வாய் வரவில்லையென்றால் உழைக்காதே. இதை நான் நேருக்கு நேர் சொல்லித் திட்டிய முதல் ஆள், பூந்தமல்லியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு சவப்பெட்டி செய்துகொண்டிருந்த தச்சர். நான் திட்டி முடிக்கிற வரைக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நல்லா பேசுற பாப்பா. ஆனா உன் ஒசரத்துக்கு இம்மாம் பேச்சு ஜாஸ்தி," என்றார்.

ஆளின் உயரத்தைச் சொல்லாமல் அவரால் யாரிடமும் பேச முடியாது. தபாலாபீசுக்குப் புதிதாக ஒரு குமாஸ்தா வந்தார். நெட்டையான, மினுமினுப்பான மனிதர். இவர் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டு, "நல்ல ஒசரம் சார் நீங்க. தோளும் அகலம்," என்றார். குமாஸ்தா பூரித்துப்போய் யார் இந்தப் பெரியவர் என்று பக்கத்தில் விசாரித்தார். சொன்னார்கள். மறுநாள் அவர் லீவு.

அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. கோவிலில் ஞானஸ்நானம் கொடுத்தபோது ஏதோ ஒரு அர்ச்சிஷ்டரின் பெயரை வைத்திருப்பார்கள். ஊரில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று பயம். பெட்டிக்காரர் என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். நான் மட்டும் பெட்டி மாமா என்பேன். முறை சொல்லிக் கூப்பிடுகிற ஒரே ஆள் நான் என்பதில் அவருக்கு உள்ளுக்குள் பெருமை இருந்தது. காட்டிக்கொள்ள மாட்டார்.

ஆள் குள்ளம். காதில் எப்போதும் பென்சில். கையில் எப்போதும் ஒரு மடக்கிய குடை. மழையிலும் அதை விரிக்க மாட்டார், துணி கிழிந்திருந்தது. வழியில் யாரைப் பார்த்தாலும் நின்று, "ஒடம்பு எப்டி கீது?" என்று கேட்பார். மனதாரத்தான் கேட்பார். கேட்கப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய்ச் சுக்குக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் கடன் பாக்கியை எப்படி வசூல் செய்வார்? அதுதான் அவருடைய தொல்லை. பெட்டி செய்கிறவர் உயிரோடு ஆள் இருக்கிற வீட்டின் வாசலில் போய் நின்று குரல் கொடுக்கக் கூடாது என்று ஒரு வழக்கம். யார் வைத்த வழக்கமோ, அவர் அதை மீற மாட்டார். சாவு விழுந்தால் வீட்டார்தான் அவரைத் தேடிப் போவார்கள். பாதிப் பேர் கடனாகத்தான் எடுத்துவருவார்கள். அழுதுகொண்டிருக்கிறவர்களிடம் அவர் காசு கேட்பதில்லை. முப்பதாம் நாள் பூசை முடியட்டும் என்பார். அப்புறம் வருஷப் பூசை முடியட்டும் என்பார். அதற்கும் பிறகு ஒரு நாள் காலையில் அந்த வீட்டுக்கு எதிர்ச்சாரியில், ஏதாவது ஒரு மரத்தடியில், குடையை ஊன்றிக்கொண்டு வந்து நிற்பார். கூப்பிட மாட்டார். சும்மா நிற்பார். வெயில் ஏறியதும் போய்விடுவார். மறுநாள் மறுபடி வருவார்.

தெருவே கலங்கிப்போகும். "பெட்டிக்காரர் வந்து நிக்கிறாரு, யார் ஊட்டப் பாத்து நிக்கிறாரு?" என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொள்வார்கள். ஒரு தடவை அவர் செருப்பு வார் அறுந்து, அதைச் சரிசெய்ய எங்கள் பக்கத்து வீட்டுக்கு எதிரில் நின்றார். அந்த வீட்டில் ஒரு மாமியார் மாசக்கணக்கில் படுத்த படுக்கையாக மருமகளிடம் கால் பிடித்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தாளோ இல்லையோ, எழுந்து வந்து துடைப்பத்தை எடுத்து வாசல் முழுக்கப் பெருக்கினாள். பெருக்கிக்கொண்டே, "நல்லா கீறேன், எனக்கு ஒண்ணுமில்ல," என்று அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். மருமகள் அன்றிலிருந்து தினமும் பெட்டிக்காரருக்கு மோர் கொடுத்தனுப்பினாள்.

என்ன கணக்கில் நிற்கிறார் என்பது எனக்கு அம்மாவின் பெட்டி விஷயத்தில்தான் தெரிந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். வருஷப் பூசை முடிந்து சில வாரம் கழித்து இவர் எங்கள் வீட்டுக்கு எதிரிலிருந்த பூவரச மரத்தடியில் நிற்க ஆரம்பித்தார். நைனா பார்த்தும் பார்க்காதவர் மாதிரி இருந்தார். ஒரு நாள் நான் நைனாவின் செங்கல் சூளைக்கு மண் குழைத்து வைத்திருந்த குழியில் விழுந்து, தலையிலிருந்து கால் வரை சேறாக வீட்டுக்கு வந்து நின்றேன். நைனா என்னைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் பெட்டிக்காரர் தெருவைக் கடந்து படியருகே வந்து, "பாக்கி கீது அண்ணாத்தே," என்றார்.

நைனா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. "இம்மாம் நாளா கம்பம் மாதிரி நின்னியே, அப்பவே கேக்கறதுக்கு இன்னா?" என்று பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த முதல் திட்டு. அப்போதுதான் அவரும் சொன்னார்.

"அழுவுற ஊட்ல துட்டு கேக்கக் கூடாது பாப்பா. அந்த ஊட்ல சிரிப்பு சத்தம் வரணும். அப்பத்தான் கேப்பேன்."

"சிரிக்கவே இல்லன்னா?"

"அப்ப அந்தத் துட்டு எனக்கு வேணாம்."

இது ஒரு வியாபாரமா? ஊருக்கு இந்த ரகசியம் தெரிந்த பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? பாக்கி வைத்திருந்த ஒரு குடும்பம் வாசல் பக்கம் சிரிப்பதையே நிறுத்திவிட்டது. சிரிப்பு வந்தால் கொல்லைப் பக்கம் ஓடிப்போய்ச் சிரித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். இவர் வெளியே நின்று, "பாவம், இன்னும் தேறல," என்று போய்விடுவார்.

நைனாவுக்கு இந்த மாதிரி மென்மை எல்லாம் கிடையாது. அவருக்கு நூம்பல் பக்கம் சூளை. செங்கல்லைக் கடன் வாங்கிவிட்டு யாராவது இழுத்தடித்தால் அவர்கள் வீட்டு வாசலில் போய் வண்டிமாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, பணம் வரும்வரை அங்கேயே உட்காருவார். ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தொண்டை. காட்டுப்பாக்கத்தில் ஒரு காண்டிராக்டர் மட்டும் அவருக்கு மசியவில்லை. பெரிய மனிதர், வீட்டில் நாய் வைத்திருந்தார். நைனா யோசித்தார். பெட்டிக்காரரிடம் போய், "காட்டுப்பாக்கத்துல நல்ல பலா மரம் ஒண்ணு விலைக்கு வருதாம், பாக்கலாம் வா," என்று சொல்லி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். காண்டிராக்டர் வீட்டுக்கு நேர் எதிரில் இறக்கிவிட்டு, "இங்கயே நில்லு, மரத்துக்காரனக் கூட்டியாறேன்," என்று மறைந்துவிட்டார்.

இவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். நல்ல தேகம் ஒன்று மாடியில் உலாவுவதைக் கண்டு, பழக்க தோஷத்தில், மேலும் கீழும் பார்த்திருக்கிறார். காண்டிராக்டர் விசாரித்திருக்கிறார். அன்று சாயங்காலமே பாக்கி முழுவதும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

நைனா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பெட்டிக்காரருக்கு விஷயம் தெரிந்தபோது அவர் சிரிக்கவில்லை. "என்ன வெச்சிப் பயம் காட்டினியா அண்ணாத்தே? நான் இன்னா பேயா?" என்று கேட்டார். மறுநாள் நைனா சமாதானத்துக்காக ஒரு வண்டி செங்கல் அனுப்பினார். இவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்புறம் நைனாவுக்கே முறை வந்தது.

விஷக்காய்ச்சல். நாட்டு வைத்தியர் கைவிட்டார், ஆஸ்பத்திரி டாக்டரும் உதட்டைப் பிதுக்கினார். சாமியார் வந்து சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். எதற்கும் முந்திக்கொள்ளும் ஆள் எங்கள் சித்தப்பா. நைனாவின் தம்பி, ஆனால் அவர் தோள் உயரம்கூட இல்லை. அவர் ஒரு சணல் கயிற்றை எடுத்து வந்து, என்னைக் கேட்காமல், நைனாவை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு ஓடினார். "தேக்குல போடு, பணத்தப் பத்திக் கவலப்படாத, எங்க அண்ணனுக்குக் கொறை வெக்க மாட்டேன்," என்று பெட்டிக்காரரிடம் சொல்லியிருக்கிறார். பணத்தைப் பற்றிச் சித்தப்பா என்றைக்குமே கவலைப்பட்டதில்லை. அது அவரிடம் இருந்ததில்லை.

பெட்டிக்காரர் தேக்குப் பலகைக்கு மரவாடியில் கடன் சொல்லி எடுத்து வந்து, விடிய விடிய வேலை செய்து, காலையில் பெட்டியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். அதே காலையில் நைனா கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். கஞ்சியைக் குடித்துவிட்டு, "எவன்டா என் காலக் கூச வெச்சது? நல்லா போய்க்கினு இருந்தேன், கயிறு பட்டுக் கூசுச்சி, திரும்பிட்டேன்," என்றார். நாங்கள் அழுகையும் சிரிப்புமாகக் கத்தினோம். தெருமுனையில் கைவண்டி நின்றது. அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுப் பெட்டிக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

நியாயமாக அன்றே கேட்டிருக்க வேண்டும். சிரிப்புச் சத்தம்தான் வந்துவிட்டதே. ஆனால் பிழைத்து எழுந்த ஆளிடம் அவனுடைய பெட்டிக்குக் காசு கேட்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் தொழிலில் அதுவரை அப்படி ஒரு கணக்கு வந்ததில்லை. பெட்டியைக் கொட்டகையின் விட்டத்தில் ஏற்றிக் கட்டிவைத்தார். நைனா தெம்பாக நடமாடினார், வண்டிமாட்டோடு வசூலுக்குப் போனார். வருஷங்கள் ஓடின. யுத்தம் வந்தது. ஆவடியில் மிலிடிரிக்காரர்கள் கூடாரம் அடித்தார்கள். மரம், பலகை, ஆணி எல்லாம் அங்கே போயின. மரவாடிக்காரன் பழைய தேக்குக்கான கடனைக் கேட்டுப் பெட்டிக்காரரின் கழுத்தை நெரித்தான்.

அப்புறம்தான் அவர் எங்கள் பூவரச மரத்தடிக்கு வந்தார்.

நைனா உள்ளேயிருந்து பார்த்தார். காட்டுப்பாக்கத்துக் காண்டிராக்டருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அவருக்கு அன்றுதான் புரிந்திருக்கும். சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இன்னாய்யா?"

"அந்தப் பெட்டி பாக்கி அண்ணாத்தே."

"எந்தப் பெட்டி? நான் வாங்குனனா? என் ஊட்ல கீதா அது?"

"உன் தம்பி சொன்னாரு."

"அப்ப அவனக் கேளு."

சித்தப்பாவைக் கேட்டார். சித்தப்பா சட்டம் பேசினார். "அண்ணன் செத்தா தரேன்னு சொன்னேன். அவுரு சாவலியே, நான் இன்னா பண்ண முடியும்? அவுரக் கேளு." பெட்டிக்காரர் மறுபடி மரத்தடிக்கு வந்தார்.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மூன்று பேர் மேலும் பட்டேன். "ஊர்ல கடன் வெச்சவன் ஊட்ல மாட்டக் கட்டுறியே, இந்தாளு ஒழைச்சது ஒழைப்பில்லியா? குடுத்துத் தொலையேன்," என்று நைனாவிடம் கத்தினேன்.

நைனா கொல்லைப் பக்கம் போனார். பின்னாலேயே போனேன். அங்கே மெதுவான குரலில், அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது, சொன்னார்: "துட்டு குடுத்துட்டா அது என் பெட்டி ஆயிடும்டி. காலியா கெடக்கிற என் பெட்டி. அது என்னக் கூப்புடாதா?"

ஆறடி மனிதர். பாம்பைக் கையால் பிடித்து எறிகிறவர். இதைச் சொல்லும்போது கண்ணைப் பார்க்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எதிரில் பெட்டிக்காரர் நிற்கிறாரே.

சரி, வேறு யாருக்காவது அதை விற்றுவிடு என்று பெட்டிக்காரரிடம் போய்ச் சொன்னேன். தேக்குப் பெட்டிக்கு அந்தப் பஞ்சத்தில் இரண்டு மடங்கு கிடைக்கும். அவர் குடையால் மண்ணைக் கீறினார். "அளவெடுத்தது அவருக்கு. ஒருத்தர் அளவ இன்னொருத்தருக்குப் போட மாட்டேன். அவுரே எனக்கு வேணாம்னு வாயால சொல்லட்டும், வித்துடறேன்." இதை நைனாவிடம் வந்து சொன்னால், அவர் பாய்ந்தார். "என் சாவ இன்னொருத்தன் தலையில கட்டச் சொல்றானா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

நைனா வாங்கவும் மாட்டார், வேண்டாம் என்று சொல்லவும் மாட்டார். பெட்டிக்காரர் விற்கவும் மாட்டார், விலையைக் குறைக்கவும் மாட்டார். இரண்டு கிறுக்குகளுக்கு நடுவில் நான் தெருவைக் கடந்து கடந்து கால் தேய்ந்தேன். போகப் போக இருவருக்கும் இது ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது என்பது என் சந்தேகம். நைனா வாசலிலிருந்து, "வட்டி எவ்ளோய்யா ஆச்சி?" என்று கத்துவார். "மரத்துக்கு வட்டி கெடையாது அண்ணாத்தே, தூசிதான்," என்று அங்கேயிருந்து பதில் வரும். "என் கயிறுதான உன்னத் திருப்பி இஸ்துகினு வந்திச்சி, அந்தக் கூலியும் சேத்துக் குடு," என்பார் இவர். "அது எங்க ஊட்டுக் கயிறுய்யா," என்பார் நைனா.

ஒரு நாள் காலையில் பெட்டிக்காரரின் மனைவி முந்தானையில் ஒரு முட்டையை மூடிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். உருண்டையான, சிரித்த முகமுள்ள அம்மாள், புருஷனைவிடவும் குள்ளம். "எங்க கோழி விட்டத்துல ஏறி அந்தப் பெட்டிக்குள்ள முட்ட போட்டுட்ச்சி. பெட்டி உங்களுது, அதனால முட்டயும் உங்களுதாம், குடுத்துட்டு வரச் சொல்லிச்சி எங்க ஊட்டு ஆளு," என்றாள். சொல்லிவிட்டு அவளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நைனா முட்டையைத் தொடவில்லை. நான் வெங்காயம் போட்டுப் பொரித்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மரத்தடியில் அவர் நின்றார். நைனா குஷியாகிவிட்டார்.

"வந்துட்டாம்பா! ஓய், ஞாயித்துக்கெழமகூட லீவு கெடையாதா உனக்கு?"

பதில் இல்லை.

"இன்னிக்கு வட்டி எவ்ளோ?"

நான் உற்றுப் பார்த்தேன். காதில் பென்சில் இல்லை. குடையும் இல்லை, கைகள் சும்மா தொங்கின. தெருவைக் கடந்து போனேன்.

"இன்னா மாமா?"

"அது போயிட்ச்சி பாப்பா. காலீல." அவருடைய மனைவியைச் சொல்கிறார் என்று எனக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. இரண்டு நாள் காய்ச்சலாம். "பலக கெடைக்கல. திருமழிசை வரிக்கும் ஆள் அனுப்பிப் பாத்துட்டேன். எல்லாம் ஆவடிக்குப் போயிட்ச்சி. பாய்ல சுத்தித்தான் எடுத்துகினு போவணும்." ஊருக்கே பெட்டி செய்த மனிதர் இதைச் சொன்னார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தப் பெட்டி கீது. அது அண்ணாத்தேது. அவுரக் கேட்டுச் சொல்றியா?" என்றார்.

அவருடைய கொட்டகையில், அவர் கையால் செய்த பெட்டி. ஒரு காசு நாங்கள் கொடுக்கவில்லை. ஏறி அவிழ்த்து எடுத்துக்கொண்டால் கேட்பார் யார்? அதைச் சொல்லித் திட்ட வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டு நைனாவைத் திரும்பிப் பார்த்தேன்.

நைனாவுக்கு வாசலில் எல்லாம் கேட்டிருந்தது. உள்ளே போனார். டிரங்குப் பெட்டி திறக்கிற ஓசை கேட்டது. சூளைக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு, பூசைக்குப் போட்ட கருப்புக் கோட்டோடு, செருப்பில்லாமல் தெருவைக் கடந்து வந்தார். பெட்டிக்காரரின் கையை இழுத்து அதில் வைத்து மூடினார்.

"இப்ப அது என்னுதா?"

"உன்னுது அண்ணாத்தே."

"என்னுதுன்னா நான் யாருக்கு வேணா குடுப்பேன். நான் குடுக்கறேன். எடுத்துக்க."

மூடிய கையை அவர் விடவில்லை. பயமா வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

அந்தம்மாளுக்கு அந்தப் பெட்டி மிகப் பெரிது. காலடியில் நிறைய இடம் கிடந்தது. சுமக்கும்போது ஆடாமல் இருக்க, பெட்டிக்காரர் கொட்டகைத் தரையிலிருந்து இழைப்புச் சுருளை அள்ளி அள்ளித் தலைமாட்டிலும் காலடியிலும் அடைத்தார். நைனா ஒரு முனையைத் தூக்கினார். உயரம் ஒத்துவராமல் பெட்டி கல்லறை வரைக்கும் ஒரு பக்கமாகவே சாய்ந்து போயிற்று.

சில மாதம் கழித்து நைனாவுக்குத் திடீரென்று ஒரு விஷயம் உறைத்தது. பணம் கொடுத்தாயிற்று. பெட்டி அவரிடம் இல்லை. ஆகவே பெட்டிக்காரர்தான் இப்போது பாக்கி! அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. கோட்டை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய், எதிரில் நின்றுகொண்டு, "ஓய், எங்கடா என் பெட்டி?" என்று கத்தினார்.

பெட்டிக்காரர் மனைவி போனதிலிருந்து யாரோடும் பேசாமல் கிடந்தார். நிமிர்ந்து பார்த்தார். "அவசரமா அண்ணாத்தே?" என்றார்.

"அவசரமில்ல. கணக்கு கணக்குதான்."

பெட்டிக்காரர் சிரித்தார். அதற்குப் பிறகு நைனா மாதம் தவறாமல் போய் நின்றார். வண்டிமாட்டை அங்கேயே அவிழ்த்துக் கட்டுவார். பெட்டி தன்னைக் கூப்பிடும் என்று பயந்த மனிதர், அதைத் தேடிக்கொண்டு தானே போனார். போய்விட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புவார். பாக்கி வசூலாகாமல் திரும்பி வருவதில் அவருக்கு அத்தனை திருப்தி இருந்து நான் பார்த்ததில்லை.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று டீக்கடையில் பேசிக்கொண்டிருந்த காலத்தில் நைனா தூக்கத்திலேயே போனார். நான் ஆள் அனுப்பவில்லை. அதற்கு முன்னால் கைவண்டி வந்து நின்றது. தேக்குப் பெட்டி. எப்போது செய்து வைத்தாரோ. உள்ளே நைனாவைப் படுக்கவைத்தபோது காலடியில் இடம் கிடந்தது. கடைசிக் காலத்தில் அவர் கூன் விழுந்து இளைத்துப்போயிருந்தார். அந்த நேரத்திலும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. "இன்னா மாமா அளவு இது? இம்மாம் எடம் கெடக்குதே," என்றேன்.

"அளவு அப்ப எடுத்ததும்மா. அவுரு ஒசரத்த நான் கொறைக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, கோணியில் கொண்டுவந்திருந்த இழைப்புச் சுருளை எடுத்துக் காலடியில் அடைத்தார்.

வருஷப் பூசை முடிந்தது. பெட்டிக்காரர் பூவரச மரத்தடிக்கு வந்து நிற்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி என்ன பாக்கி? எல்லாம் நைனா உயிரோடிருக்கும்போதே தீர்ந்ததுதானே. பழக்கத்தில் நிற்கிறார், வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். மோர் கொடுத்தனுப்பினேன். குடித்துவிட்டு நின்றார். வெயில் ஏறியதும் போனார். மறுநாள் வந்தார்.

சூளைப் பாக்கியை வசூல் செய்யச் சித்தப்பா கிளம்பிய ஒரு காலை. பார்க்கிறவன் பயப்பட வேண்டும் என்று நைனாவின் கருப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்கியது, கைகள் உள்ளேயே காணாமல் போயின. அந்தக் கோலத்தில் நைனா மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு, "எங்கடா என் துட்டு?" என்று ஒத்திகை பார்த்தபடி படி இறங்கினார். கோட்டின் நுனியை மிதித்தார். வாசலில் விழுந்தார். கோட்டுக்குள்ளிருந்து கை வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தது.

நான் சிரித்தேன். என்னை மறந்து, தெருவுக்கே கேட்கும்படி, கண்ணில் நீர் வரச் சிரித்தேன். சிரிப்பு அடங்கி நிமிர்ந்தபோது பெட்டிக்காரர் தெருவைக் கடந்து படியருகே வந்து நின்றுகொண்டிருந்தார்.

"ஆணிக் காசு பாக்கிம்மா," என்றார். "மரம், கூலியெல்லாம் நேராப் போச்சி. ஆணி மட்டும் அப்ப ஒரு விலை, இப்ப ஒரு விலை."

திட்டிக்கொண்டேதான் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.